ஏந்திரமா, மெஷினா, மில்லா?

கும்பகோணத்தில் புது வீட்டுக்குக் குடிபோன கையோடு தங்கை போன் பண்ணினாள். "அண்ணே, கல் ஏந்திரம் ஒண்ணு வாங்கிப் போட்டு மாவெல்லாம் வீட்லயே அரைச்சுக்கலாம்னு இருக்கேன். இல்லன்னா அந்தக் கரண்ட் மெஷின். எது வாங்கலாம், சொல்லுங்க." எனக்கு இரண்டும் தெரியும் என்று அவளுக்கு நினைப்பு. பாதி சரி. ஏந்திரம் மன்னார்குடிப் பக்கம் எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் அப்பாயி (அப்பாவின் அம்மா) காலத்திலிருந்து கிடந்தது, இரண்டு வருஷமாக அதைச் சுற்றிய ஆள் நான்தான். மெஷின் இருப்பது மச்சான் வீட்டில். அங்கே போகிற சாக்கில் ஏழெட்டுத் தடவை அரைத்துப் பார்த்திருக்கிறேன்.

"என்ன அரைக்கப் போற?" என்று கேட்டேன். "மாவுதான்" என்றாள். சிக்கலே அங்கேதான். இடியாப்ப மாவும் மாவு, அதிரச மாவும் மாவு, சப்பாத்தி மாவும் மாவு, முறுக்கு மாவும் மாவு, குழந்தைக்குக் காய்ச்சுகிற கேழ்வரகும் மாவு. இவற்றில் எதையும் எங்கள் அப்பாயி ஏந்திரத்தில் அரைத்து நான் பார்த்ததில்லை, கேழ்வரகைத் தவிர. அப்படியானால் அந்தக் கல்லை எதற்குத்தான் வைத்திருந்தாள் என்பது எனக்கே சுற்றிப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

முதலில் பெயர். திருகை என்று எழுதுகிறோம், திருவை என்று சொல்கிறவர்கள் உண்டு, எங்கள் பக்கம் ஏந்திரம். இரண்டு வட்டக் கல், அடிக்கல் அசையாது, நடுவில் முளை, மேல்கல்லின் நடுவில் தானியம் போட ஒரு வாய், ஓரத்துக் குழியில் செருகிய மரப்பிடி. எங்கள் வீட்டுக் கல் ஓரடி அகலம், ஒவ்வொன்றும் மூணு அங்குலத்துக்குக் குறையாத கனம். அந்த அளவு கருங்கல் ஒன்று பதினாலு கிலோ வரும், ஜோடி முப்பது கிலோவை நெருங்கும். தூக்கி வைத்தால் அப்புறம் அதே இடம்தான்.

கஜா புயல் வரைக்கும் அதன்மேல் சாக்கு மூட்டை கிடந்தது. 2018 நவம்பர் 16, நள்ளிரவு தாண்டி வேதாரண்யம் பக்கம் கரையேறி, விடிகிறதுக்குள் எங்கள் கொல்லையில் நின்ற தென்னையெல்லாம் படுத்துவிட்டது. எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. மிக்ஸி சும்மா உட்கார்ந்திருக்கிறது, மில்லும் ஓடவில்லை. அம்மா மூட்டையைத் தள்ளிவிட்டு ஏந்திரத்தைத் துடைத்து, இருக்கிற அரிசியையும் பருப்பையும் ஒன்றிரண்டாக உடைத்துக் காலையில் உப்புமா, ராத்திரி குருணைக் கஞ்சி என்று ஓட்டினாள். கரண்ட் வந்ததும் மறுபடி சாக்கு மூட்டை ஏறியது, அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எனக்கு ஆசை வந்தது. கல்லில் அரைத்தால் சத்து, சூடு ஏறாது, வாசனை போகாது என்று ஊரெல்லாம் பேச்சு. வீட்டுக்காரி ஒரே வார்த்தைதான் சொன்னாள்: "நீங்க சுத்துறதா இருந்தா எடுங்க." சரி என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அரை கிலோ பச்சரிசியோடு உட்கார்ந்தேன். நாற்பது நிமிஷம். தோள்பட்டை போனது, வலது கையில் கொப்புளம். சலித்துப் பார்த்தால் பாதிதான் மாவு, மீதி சரியாக அரைபடாத கப்பி. கப்பியைத் திரும்பப் போட்டு இன்னொரு சுற்று. கடைசியில் கிடைத்ததை வறுத்து, வெந்நீர் ஊற்றிப் பிசைந்து இடியாப்ப அச்சில் போட்டு அழுத்தினால் அச்சுக் கண் அடைத்துக்கொண்டு ஓரமாகப் பிதுங்குகிறது. அம்மா திண்ணையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இடியாப்பத்துக்கு எவடா ஏந்திரத்துல அரைச்சா? உரல்ல இடிச்சோம். பேர்லயே இடி இருக்கே."

அந்த ஒரு பேச்சில் எனக்கு முக்கால்வாசி தெளிந்துவிட்டது. பழைய வீட்டில் உரல், உலக்கை, அம்மி, ஆட்டுக்கல், ஏந்திரம் என்று ஐந்து சாமான் இருந்தது அழகுக்கு இல்லை. ஈர அரிசி உரலுக்கு, ஊறிய உளுந்தும் அரிசியும் ஆட்டுக்கல்லுக்கு, தேங்காயும் மிளகாயும் அம்மிக்கு. காய்ந்த தானியத்தை உடைக்கத்தான் ஏந்திரம். நாம் அந்த ஐந்தில் ஒன்றை மட்டும் தூக்கிக்கொண்டு வந்து மற்ற நாலின் வேலையையும் அதன் தலையில் கட்டிவிட்டு, 'கை வலிக்கிறது, மாவு நைசாக இல்லை' என்கிறோம்.

அதிரசத்துக்கு அரிசியை ஊறவைத்து, வடித்து, நிழலில் துணியில் பரப்பி, கையில் ஒட்டாமல் ஆனால் உள்ளே ஈரம் இருக்கிற பதத்தில் எடுக்க வேண்டும், அந்த ஈரம்தான் பாகோடு சேர்ந்து மாவைப் பிடித்து நிறுத்துகிறது. அதை ஏந்திரத்தில் போட்டால் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே பசையாக அப்பிக்கொண்டு மேல்கல் நகராது. பிரித்துச் சுரண்டிக் காயவைக்க ஒரு நாள் போகும். எனக்குப் போயிருக்கிறது.

ஆனால் உளுந்து என்று வந்தால் கதை வேறு.

இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காக: சம்பா, தாளடி நெல் அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போதே, மண்ணில் ஈரம் காயும் முன்னால், நிற்கிற நெல்லுக்குள்ளேயே உளுந்தையோ பயறையோ தெளித்துவிடுவார்கள். நெல்லை அறுத்த பின்னால் அரிதாளுக்கு (அறுத்த அடிக்கட்டைக்கு) நடுவே அது எழுந்து, தண்ணீர் கட்டாமலே மண் ஈரத்திலும் பனியிலும் வளர்ந்து பங்குனியில் கைக்கு வரும். ஏடிடி 3 என்று ஆடுதுறையில் உருவான உளுந்து ரகம் நெல் அறுத்த இந்தத் தரிசுக்கென்றே வந்தது. இப்போது அறுப்பு மெஷினின் செயின் ஏறி முளையை நசுக்கிவிடுவதால் நிறையப் பேர் தெளிப்பதையே விட்டுவிட்டார்கள், அது வேறு வயிற்றெரிச்சல். ஆனாலும் கொஞ்சம் நிலம் உள்ள வீடுகளில் இருபது முப்பது கிலோ முழு உளுந்து வருஷா வருஷம் வந்து நிற்கும். அதை என்ன செய்வது? மில்லில் மூணு கிலோ உளுந்தை உடைத்துக் கொடு என்றால் முகத்தைப் பார்ப்பார்கள். மிக்ஸியில் போட்டால் கால்வாசி தூளாகிவிடும், கால்வாசி முழுசாகவே நிற்கும்.

ஏந்திரத்தில் இது எப்படி நடக்கிறது என்றால், முதல் நாள் ராத்திரி உளுந்தில் ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டு எல்லா மணியிலும் படுகிற மாதிரி பிசறி மூடி வைப்போம். மறுநாள் மாடியில் நல்ல வெயில். சாயங்காலம் ஒரு மணியை எடுத்துக் கடித்துப் பார்க்க வேண்டும், டக்கென்று இரண்டாக வந்தால் சரி, பல்லில் நசுங்கினால் இன்னொரு வெயில். அப்புறம் ஏந்திரத்தின் முளையில் பழைய வேட்டித் துணியைக் கிழித்து வளையமாகச் சுற்றி அதன்மேல் மேல்கல்லை உட்கார வைப்பது, அப்பாயி செய்தது. துணியின் கனத்துக்கு மேல்கல் இம்மியளவு தூக்கி நிற்கும், மணி நசுங்காமல் பிளந்துகொண்டு வெளியே வரும். ஒரு கைப்பிடி போடு, நாலு சுற்று, மறுபடி ஒரு கைப்பிடி. வேகமாகச் சுற்றினால் முழு உளுந்து தப்பித்து ஓடிவரும், மெதுவாகச் சுற்றினால் கல் கத்தும். ஏற்ற வேகம் கைக்கு வந்துவிட்டால் கடகடவென்ற சத்தம் மாறி சரசரவென்று ஒரே சீராக விழும், அந்தச் சத்தத்தை வைத்தே அம்மா உள்ளேயிருந்து "துணி நழுவிடுச்சு பாரு" என்பாள். சொன்னபடியே நழுவியிருக்கும்.

மூணு கிலோ உடைத்து முறத்தில் புடைத்து முடிக்க எனக்கு ஒன்றேகால் மணி நேரம். மாவரைக்கும்போது வருகிற தோள்வலி இதில் இல்லை, கல் தூக்கி நிற்பதால் சுற்றுவது லேசு. தோல் பாதி அப்போதே கழன்றுவிடும், மீதி ஊறப்போட்டுக் கழுவும்போது போகும். தோலோடு வேண்டும் என்றால் உளுந்தங்களிக்கும் கஞ்சிக்கும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். பயறை லேசாக வறுத்து உடைத்தால் பயத்தம்பருப்பு. தை மாதம் பொங்கலுக்குக் கடைப்பருப்பு போட்டவர்கள், பங்குனிப் பருப்பில் ஒரு பொங்கல் வைத்துப் பாருங்கள், வாசனை வாசல் வரைக்கும் வரும்.

இரண்டாவது, அரிசி உப்புமா. பச்சரிசி, கொஞ்சம் துவரம்பருப்பு, மிளகு, சீரகம், எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து ரவையாக உடைக்க வேண்டும். மிக்ஸியில் இதுதான் பெரிய தொல்லை: பிளேடுக்குப் பக்கத்தில் இருப்பது மாவாகிவிடும், மேலே இருப்பது முழு அரிசியாக நிற்கும். அந்த மாவைச் சலிக்காமல் செய்தால் உப்புமா களியாகிவிடும். ஏந்திரத்தில் ஒவ்வொரு மணியும் ஒரே இடைவெளிக்குள் புகுந்து வெளியே வந்தாக வேண்டும் என்பதால் ரவை ஒரே அளவாக விழுகிறது. வெண்கலப் பானையில் அதைப் போட்டுக் கிளறி, அடியில் பிடித்த காந்தலுக்கு வீட்டில் சண்டை. பிடி கொழுக்கட்டைக்கும் இதே ரவை. கோதுமை ரவையும், கஞ்சிக்கு நொய்யும் அப்படித்தான். இதற்கெல்லாம் ஏந்திரத்தை எதுவும் மிஞ்சவில்லை, அதை மட்டும் அடித்துச் சொல்வேன்.

சத்து விஷயத்தில் கொஞ்சம் நிதானமாகப் பேசுவோம். தீட்டிய வெள்ளைப் பச்சரிசியைக் கல்லில் அரைத்தாலும் இரும்பில் அரைத்தாலும் அது வெள்ளைப் பச்சரிசிதான், போன தவிடு திரும்பி வரப்போவதில்லை. வித்தியாசம் தெரிவது தவிட்டோடு இருக்கிற மாப்பிள்ளை சம்பா, கருப்புக் கவுனி மாதிரி அரிசியில். தவிட்டில் எண்ணெய் இருக்கிறது, அந்த எண்ணெயைக் கெடுக்கிற நொதியும் அங்கேயே இருக்கிறது. முழு அரிசியாக இருக்கிறவரை இரண்டும் தனித்தனி, அரைத்த நிமிஷத்திலிருந்து கலந்துவிடும், சில நாளில் சிக்கு வாடை வரும். அதனால் இந்த அரிசியை மாசத்துக்கு ஒருமுறை ஐந்து கிலோ அரைத்து வைப்பதைவிட வாரம் கால் கிலோ அரைப்பது எவ்வளவோ மேல். புழுங்கல் என்றால் அவிக்கும்போதே அந்த நொதி செத்துவிடுவதால் கொஞ்சம் கூடத் தாங்கும். இன்னொன்று, நைசான மாவு சீக்கிரம் செரித்துச் சர்க்கரையை ஏற்றும், ரவையாகவும் நொய்யாகவும் சாப்பிட்டால் கொஞ்சம் மெதுவாக ஏறும். சுகர் உள்ளவர்கள் இதை மருந்தாக நினைத்து இரண்டு தட்டு சாப்பிட்டால் கணக்கு சரியாகிவிடும்.

இரும்பில் ஒரு கை மெஷின் விற்கிறது, மேஜை ஓரத்தில் திருகி இறுக்குவது, மேலே புனல், பக்கத்தில் நீளப்பிடி, உள்ளே இரண்டு பல்தட்டு. கல்லைவிட வேகம், நின்றுகொண்டே சுற்றலாம், திருகாணியைக் கூட்டிக் குறைத்தால் ரவையும் வரும், ஓரளவு மாவும் வரும். முட்டி மடக்கி உட்கார முடியாதவர்களுக்கு இதுதான் வழி. ஆனால் மேஜை கனமாக இருக்க வேண்டும், எங்கள் வீட்டு மடக்கு மேஜையில் மாட்டினால் மெஷின் நின்றுவிட்டு மேஜை சுற்றும். தட்டை ரொம்ப இறுக்கினால் இரும்பும் இரும்பும் தேய்ந்து மாவு கருக்கும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் இரண்டு நாள் துடைக்காமல் விட்டேன், பல் முழுக்கத் துரு. எள், நிலக்கடலை போட்டால் இதுவும் அடைக்கும், கல்லும் அடைக்கும், ஒரு பிடி காய்ந்த அரிசி போட்டுச் சுற்றித்தான் எடுக்க வேண்டும்.

சரி, தெருமுனை மில். எனக்கு இதன்மேல் கோபமும் உண்டு, மரியாதையும் உண்டு. கோபம் எதற்கென்றால், ஒருமுறை குழந்தைக்குச் சத்துமாவுக்கென்று பார்த்துப் பார்த்து வறுத்துக் கொடுத்த தானியம், முன்னால் யாரோ மிளகாய் அரைத்த மெஷினில் போய், வீட்டுக்கு வந்து கஞ்சி காய்ச்சியபோது பிள்ளை அழுத அழுகை. தப்பு அவர்கள்மேல் பாதி, என்மேல் பாதி, நான் பக்கத்தில் நிற்காமல் டீ குடிக்கப் போய்விட்டேன். நல்ல மில்லில் மிளகாய்க்கு மெஷின் தனி. இல்லாத மில்லில் காலையில் முதல் ஆளாகப் போக வேண்டும், இல்லையென்றால் நமக்கு முன்னால் பச்சரிசி அரைக்கிறவர் யார் என்று பார்த்து அவருக்குப் பின்னால் நிற்க வேண்டும். அரைத்து வருகிற மாவு தூக்குவாளியைத் தொட முடியாத சூட்டில் இருக்கும். அப்படியே மூடிவிட்டால் உள்ளே வேர்த்துக் கட்டிகட்டியாகிச் சீக்கிரம் கெட்டுவிடும், வீட்டுக்கு வந்ததும் வேட்டியில் கொட்டிப் பரப்பி ஆறவிட வேண்டும். பாதிப் பேர் இதைச் செய்யாமல் மில்லைத் திட்டுகிறார்கள். அப்புறம், அரை கிலோவோடு போனால் மெஷின் வயிற்றுக்குள் நிற்பதே நூறு இருநூறு கிராம், நமக்கு வருவதில் ஒரு பங்கு முன்னால் அரைத்தவர் மாவு.

மரியாதை எதற்கென்றால், தீபாவளிக்கு அஞ்சு கிலோ முறுக்கு மாவும் தேன்குழல் மாவும் வேறு எங்கேயும் அந்த நைசில் அந்த நேரத்தில் கிடைக்காது. மிளகாய்த்தூள், சாம்பார்த்தூள், மஞ்சள், இதையெல்லாம் வீட்டில் அரைக்கிறேன் என்று யாராவது சொன்னால் அந்த வீட்டில் தும்மல் நிற்க எத்தனை நாள் ஆகும் என்றுதான் கேட்பேன். மஞ்சள் கிழங்கை ஏந்திரத்தில் போடவே கூடாது. ரேஷன் கோதுமையைக் கல் பொறுக்கிக் காயவைத்துக் கொண்டுபோனால் சப்பாத்திக்கு மில் மாவே போதும். டெல்டாவில் கோதுமை விளைவதில்லை, ராத்திரி சப்பாத்தி என்பது டாக்டர் சொல்லி நம் வீட்டுக்குள் வந்த பழக்கம், அதற்காகத் தோளை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

கரண்ட் மெஷின் என்று தங்கை சொன்னது அலமாரி மாதிரி நிற்கிற வீட்டு மாவு மில். ஒரு ஹெச்பி மோட்டார், அதாவது முக்கால் கிலோவாட், ஒரு மணி நேரம் ஓடினால் முக்கால் யூனிட். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று இருக்கிற நம் ஊரில் கரண்ட் செலவை யாரும் பார்க்கப்போவதில்லை. விலைதான் விஷயம், 12,000 முதல் 20,000 ரூபாய் வரை சொல்கிறார்கள். நாலு பேர் வீட்டில் மாதம் ஆறு கிலோ மாவு என்று வைப்போம், மில்லில் கிலோவுக்குப் பத்து ரூபாய் கூலி என்றால் மாதம் அறுபது, வருஷத்துக்கு 720 ரூபாய். 15,000 ரூபாய் மெஷினின் விலையைக் கூலியில் மிச்சம் பிடிக்க இருபது வருஷத்துக்கு மேல் ஆகும். அதற்குள் மெஷின் இருக்குமா தெரியாது. நமக்கும் இடுப்பு இருக்குமா தெரியாது.

அதனால் காசுக் கணக்கில் அதை வாங்காதீர்கள். வாங்கினால் வேறு காரணத்துக்கு வாங்க வேண்டும். கோதுமை ஒத்துக்கொள்ளாத பிள்ளை வீட்டில் இருந்தால், மில்லில் முன்னால் போனவரின் கோதுமை கலக்காமல் இருக்க வழியே இல்லை, அந்த வீட்டுக்கு இது செலவே இல்லை. தெருவில் நாலு வீட்டுக்குச் சத்துமாவு போட்டு விற்கிற பெண்களுக்கும் சரி. மச்சான் வீட்டில் வாங்கியதற்குக் காரணம், அவர் அப்பாவுக்குத் தினம் கேழ்வரகும் கம்பும் புதுசாக வேண்டும், பக்கத்தில் இருந்த மில்லை மூடிவிட்டார்கள். சல்லடைத் தட்டை மாற்றினால் நைசு மாறுகிறது, கேழ்வரகு மை மாதிரி வருகிறது, இடியாப்ப மாவும் (ஊறவைத்து நன்றாகக் காயவைத்த அரிசி என்றால்) அச்சில் தடையில்லாமல் இறங்கியது. ரவை மட்டும் ஏந்திர ரவை இல்லை, தூள் நிறைய. ஓடும்போது பக்கத்தில் நின்று பேச முடியாது. கோடையில் சாயங்காலம் வோல்டேஜ் இறங்கினால் மோட்டார் முனகும், உடனே நிறுத்திவிட வேண்டும்.

எல்லோரும் மறந்துவிடுகிற ஆள் மிக்ஸி. 2011-இல் அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்க ஆரம்பித்ததிலிருந்து ஏழை வீட்டிலும் ஒன்று இருக்கிறது. அதிரச மாவுக்கு உரலுக்கு அடுத்து மிக்ஸிதான்: ஈர அரிசியை இரண்டு பிடி இரண்டு பிடியாகப் போட்டு, விட்டுவிட்டு ஓட்டி, சலித்து, கப்பியை அடுத்த பிடியோடு சேர்த்துக்கொண்டே போனால் அரை மணி நேரத்தில் ஒரு கிலோ. கால் கிலோவுக்குள் எதுவாக இருந்தாலும் மிக்ஸி போதும், ஏந்திரமும் வேண்டாம் மெஷினும் வேண்டாம். ஜாரைத் தொட்டுப் பார்த்துச் சுட்டால் நிறுத்துங்கள், அவ்வளவுதான். பாக்கெட் மாவைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை, அவசரத்துக்கு நாங்களும் வாங்குகிறோம்.

இவ்வளவும் கேட்டுவிட்டுத் தங்கை, "அப்ப ஏந்திரம் எங்க வாங்கறது?" என்றாள். காது கொடுத்துக் கேட்டாளா என்று சந்தேகம்தான், ஆனால் அவள் மாமியார் வீட்டு நிலம் வலங்கைமான் பக்கம், உளுந்து வரும், அதனால் அவள் கேட்டது நியாயம்.

டெல்டாவில் கல் கிடையாது. பத்தடி தோண்டினாலும் வண்டலும் மணலும்தான், பெரிய கோயிலுக்கே கல் வெளியிலிருந்துதான் வந்தது. திருச்சி, புதுக்கோட்டைப் பக்கம் ரோட்டோரம் அம்மி, ஆட்டுக்கல்லோடு ஏந்திரமும் கொத்தி அடுக்கி வைத்திருப்பார்கள். வாங்கும்போது மேல்கல்லை முளையில் வைத்துச் சுற்றிவிட்டுக் கையை எடுங்கள், ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் வேண்டாம். முகத்தில் கொத்து ஒரே ஆழமாக இருக்கிறதா என்று உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். எட்டு அங்குலத்தில் பொம்மை மாதிரி சின்னதாக ஒன்று அலமாரியில் வைக்க விற்கிறார்கள், அதில் கல்லின் கனம் பத்தாது, உளுந்து உடையாது. வீட்டுக்குக் கொண்டுவந்ததும் உடனே சாப்பாட்டுக்கு அரைத்துவிடக் கூடாது. முதலில் உமி, அப்புறம் தவிடு, அப்புறம் ரேஷன் அரிசி இரண்டு பிடி, மூன்றையும் அரைத்துக் கொட்டிவிட வேண்டும். கடைசியில் அரைத்த மாவை விரலில் எடுத்து முன்பல்லில் வைத்தால் நறநறக்கக் கூடாது. நறநறத்தால் இன்னும் இரண்டு பிடி. வருஷம் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கொத்த வேண்டிவரும், கொத்திய பிறகும் இதே வேலை. ஆட்டுக்கல் கொத்தலையோ என்று தெருவில் வருகிற குரல் இப்போது அபூர்வம், எங்கள் கல்லைப் போன தடவை கொத்தியவருக்கு எழுபது வயசு இருக்கும். தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டாம், ஈர்க்குச்சித் துடைப்பத்தால் தட்டித் துணியால் துடைத்தால் போதும். மாடி வீட்டில் இருப்பவர்கள் அடியில் கோணிச்சாக்கை நாலாக மடித்துப் போடுங்கள், கீழ் வீட்டுக்காரர்கள் மேலே ஏறி வராமல் இருப்பார்கள். கோலத்துக்கு வெள்ளைக்கல்லை இதில் போட்டு அரைக்கலாமா என்று ஒருவர் கேட்டார், அவர் வீட்டு உப்புமாவை நினைத்துப் பயமாக இருந்தது. நெல்லைப் போட்டு அரிசியாக்கவும் முடியாது, நொய்யும் உமியுமாகக் கலந்துதான் வரும்.

புதுசு வாங்குவதற்கு முன்னால் இன்னொன்று பண்ணலாம், சொந்தக்காரர் வீட்டுக் கொல்லையில் போய்ப் பார்க்கலாம். துணி துவைக்கிற இடத்தில், துளசி மாடத்துக்கு அடியில், கிணற்றடியில் படிக்கட்டாக என்று பழைய கல் எங்கேயாவது கிடக்கும். ஐம்பது வருஷம் அரைத்துப் பழகிய கல்லுக்குக் கொத்து மட்டும் போட்டால் போதும்.

இதை நான் அவளிடம் சொல்லியிருக்கக் கூடாது. போன மாசம் மாப்பிள்ளையோடு கார் எடுத்துக்கொண்டு வந்தாள், சாப்பிட்டாள், அம்மாவிடம் பேசிக்கொண்டே தாழ்வாரத்துப் பக்கம் போனாள். அடிக்கல்லை மாப்பிள்ளையும் நானும் சேர்ந்துதான் தூக்கி டிக்கியில் வைத்தோம், மேல்கல்லைச் சாக்கில் சுற்றிப் பின் சீட்டுக்குக் கீழே. "அப்பாயி எனக்குத்தான் தர்றதா சொல்லிச்சு" என்றாள். அப்பாயி சொல்லியிருக்கலாம். ராத்திரி கும்பகோணத்திலிருந்து போன்: "அண்ணே, பிடியக் காணும்." பிடி எங்கள் பரணில் பத்திரமாக இருக்கிறது. பங்குனியில் எங்கள் உளுந்தையும் சேர்த்து உடைத்துக் கொடுப்பதாக ஒத்துக்கொண்டால் கொண்டுவந்து தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.